மடித் தண்ணீரும் தோல் வாஷரும்

அன்புள்ள மகனுக்கு,

மாம்பலத்தில் உன் நிச்சயதார்த்தம் முடிந்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளாக எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பஜ்ஜி எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து உன் அம்மா ஓமத் தண்ணீர் வைத்துத் தருகிறாள். குடித்து வைக்கிறேன். எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. அங்கே நீ சொன்ன ஒரு பேச்சுதான் தொண்டையிலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது நேரில் சொல்லலாம் என்றால், நம் இரண்டு அறையில் எதைச் சொன்னாலும் அம்மா காதில் விழும். அதனால்தான் மயிலாப்பூரிலிருந்து அடையாறில் நீ தங்கியிருக்கும் அறைக்குத் தபால் போடுகிற கூத்து.

அந்தப் பெண்ணின் அம்மா உன்னிடம் அப்படி என்ன கேட்டுவிட்டாள்? நீ அடையாறில் பார்த்திருக்கும் போர்ஷன் இரண்டாவது மாடியில் என்று தெரிந்ததும், "மாடிக்குத் தண்ணி ஏறுமோ?" என்று கேட்டாள். பெண்ணைக் கொடுக்கிறவள் கேட்க வேண்டிய கேள்விதான். நீ காலை ஆட்டிக்கொண்டே, "குழாய்த் தண்ணி மேல ஏறாது மாமி. கீழ அடி பம்பு இருக்கு. ரெண்டு குடம் தூக்கிண்டு ஏறறது ஒரு விஷயமா? எங்கம்மா ஏழெட்டு வருஷம் கிணத்துலேர்ந்து கையாலயே இழுத்திருக்கா. ராட்டினம்கூடக் கிடையாது. ஒரு நாள் முணுமுணுத்ததில்லை" என்றாய். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தக் காலத்து உடம்பு" என்று யாரோ மெச்சினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் பாதி பஜ்ஜியோடு பல்லைக் காட்டிச் சிரித்தேன். பெண் சிரிக்கவில்லை. உன் அம்மாவும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏன்னா, ரெண்டாவது மாடியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன் அம்மா ஏன் ராட்டினம் இல்லாமல் இழுத்தாள் என்பது உனக்குத் தெரியாது. ஏதோ அந்தக் காலத்து வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வழக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் செய்த வேலை அது. இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு அப்பா மகனுக்கு எழுதக் கூடாதது என்று சிலவற்றை நினைப்பார்கள், அதையும் இதில் எழுதப்போகிறேன். முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை படி.

மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் லாரிகள் பழுது பார்க்கும் பட்டறையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். என்ன செய்தேன் என்று நீ கேட்டதில்லை. மனிதர்கள் பாரம் தூக்காமல் பார்த்துக்கொண்டேன். அதுதான் என் வேலையில் பாதி. இன்ஜினை இறக்க வேண்டுமென்றால் உத்தரத்தில் செயின் பிளாக், அதாவது சங்கிலி ராட்டினம், மாட்ட வேண்டும். சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி. ஆயில் டிரம்மை லாரியில் ஏற்றப் பலகையைச் சாய்த்துப் போட்டு உருட்ட வேண்டும். அசையாத இரும்பைக் கடப்பாரையால் நெம்ப வேண்டும். இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. ஒரு கட்டை, ஒரு கயிறு, ஒரு சரிவு, ஒரு சக்கரம், அவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்து தம் கட்டித் தூக்குவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். "முதுகு என்ன கடையில கிடைக்கிற சாமானா?" என்று கத்துவேன். நான் உள்ளே நுழைந்தாலே, "சார் வந்துகினு கீறாரு, செயின் பிளாக்க மாட்டு" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பட்டறையில் நான் இருந்தவரை ஒருத்தனுக்கும் இடுப்பு பிடிக்கவில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெருமையோடு சாயங்காலம் வீட்டுக்கு வருவேன்.

அப்போது நாம் மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் வீட்டில் குடியிருந்தோம். எட்டுக் குடித்தனம், நடுவில் ஒரு கிணறு, அதன் மேல் இரும்பு ராட்டினம். நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். ராட்டினம் கிரீச்சிட்டு எல்லோர் தூக்கத்தையும் கெடுக்கிறது என்று பக்கத்துப் போர்ஷன்காரர்கள் சொன்னார்கள். நான் பட்டறையிலிருந்து ஒரு டப்பா கிரீஸ் கொண்டுவந்து தடவினேன். சத்தம் நின்றது. ஆளாளுக்கு மெச்சினார்கள். ஒரு மாசம் கழித்து, அந்த மாதிரி கிரீஸில் மாட்டுக் கொழுப்பு சேர்க்கிறார்கள் என்று பட்டறையில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னான். உண்மையா பொய்யா, எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து, இனிமேல் சமையலுக்கும் பூஜைக்கும் அந்த ராட்டினம் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மற்ற ஏழு குடித்தனமும் அதே ராட்டினத்தில் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. உன் அம்மா மட்டும் விடியற்காலை குளித்து, யாரும் தொடாத ஈரப் புடவையோடு மடியாக, தனிக் கயிறும் தனி வாளியும் எடுத்துக்கொண்டு போய், கிணற்றுச் சுவரில் வயிறு பட வளைந்து கையால் இழுக்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்குப் பதினைந்து வாளி. வெயில் காலத்தில் தண்ணீர் இன்னும் கீழே போய்விடும்.

ராட்டினம் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று நீ கேட்கலாம், நீ படித்தவன். ஒற்றை ராட்டினத்தில் பாரம் குறையாது, அதே வாளி அதே எடைதான். ஆனால் கயிறு மேலே போய்த் திரும்பிக் கீழே வருகிறது. நிமிர்ந்து நின்று கீழ்நோக்கி இழுக்கலாம், உன் உடம்பின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். அது இல்லாவிட்டால் குனிந்தபடி மேல்நோக்கி இழுக்க வேண்டும், முழுப் பாரமும் இடுப்பிலும் அடிவயிற்றிலும் விழும். இதை நான் பட்டறையில் புதிதாக வருகிற ஒவ்வொருத்தனுக்கும் நின்று விளக்கியிருக்கிறேன்.

அடுத்த வருஷம் வீட்டுக்காரர் கிணற்றடியில் போர் இறக்கி ஒரு அடி பம்பு போட்டார். கொழுப்பும் இல்லை, கிரீஸும் இல்லை. உன் அம்மா முதல் நாள் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டு விரலால அடிக்கலாம் போல இருக்குன்னா" என்றாள். பம்பின் கைப்பிடி நீளமாக இருக்கிறது, அதனால்தான் என்று நான் பெரிய மனுஷன் மாதிரி விளக்கம் சொன்னேன். ஆறு மாசம் அந்தப் பம்பில் அடித்தாள். காலையில் அவள் பாட்டு முணுமுணுத்து நான் கேட்டது அந்த ஆறு மாசம்தான். பிறகு பம்பில் தண்ணீர் ஏறாமல் காற்றடித்தது. வீட்டுக்காரர் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் எல்லாம் தெரிந்தவன் ஆயிற்றே. ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தேன். உள்ளே தண்டின் நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு வாஷர், தோல் வாஷர், ஊறிப்போய்க் கொழகொழவென்று நாறிக்கொண்டு வந்தது. எல்லா அடி பம்பிலும் அப்போது அதுதான். அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, ஸ்டோரில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினேன். "இத்தனை நாளா இதுல பட்ட தண்ணியைத்தான் குடிச்சிண்டிருக்கோம்" என்றேன். ஏதோ கொலையைக் கண்டுபிடித்த போலீஸ்காரன் போல எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அவர்கள் இரண்டு நாள் மூக்கைச் சுளித்துவிட்டு மறுபடி பம்பில் அடிக்கப் போய்விட்டார்கள். நம் வீட்டில் மட்டும் அது நின்றது. அன்று உன் அம்மா என்னிடம் ஒன்று சொன்னாள். "நீங்க திறக்காமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது." நான் அவளைத் திட்டினேன். தெரிந்தே தப்புப் பண்ணச் சொல்கிறாயா என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டபோது என் இடுப்பில் தோல் பெல்ட் இருந்தது. பட்டறைக்கு எதிர்க் கடையில் தினமும் இரண்டு வேளை காபி குடிப்பேன், அது எந்தப் பம்புத் தண்ணீர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆசாரம் என் வயிற்றுக்கு இல்லை, அவள் கைக்குத்தான். சீ என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுபடி கிணறு, மறுபடி கயிறு. ஏழு வருஷம். அதில் ஒரு காலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. உனக்குப் பரீட்சை. நெம்புகோலில் மூன்று வகையும் குழப்புகிறது என்றாய். நான் சமையலறைக்குப் போய்ப் பாக்குவெட்டியையும் இடுக்கியையும் எடுத்துவந்து, வாசற்படியில் உன்னோடு உட்கார்ந்து, பாரம் எங்கே, ஆதாரம் எங்கே, கை எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கே அதில் ஒரு லயிப்பு வந்துவிட்டது. உன் அம்மா நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நமக்குப் பின்னால் வந்து நின்றாள். மடியாக இருப்பவள் நம்மை உரசிக்கொண்டு உள்ளே போக முடியாது. "கொஞ்சம் நகருங்கோ" என்றாள். "இருடி, குழந்தைக்குச் சொல்லிண்டிருக்கேன்" என்றேன். மூன்றாவது வகையும் முடிகிறவரை நின்றாள். இடுப்பை மாற்றிக்கொண்டு நின்றாள். நீ நோட்டில் படம் போட்டு அம்புக்குறியெல்லாம் போட்டு முடித்தாய். அந்தப் பரீட்சையில் உனக்கு நல்ல மார்க். பத்து அடி தூரத்தில் ஒரு கிணறு இருந்தது, அதில் ஒரு பெண்பிள்ளை வெறும் கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். படித்ததை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்க்க உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நீயும் அங்கே இருந்தாய்.

தோன்றியவன் ஒருத்தன் உண்டு. பட்டறையில் மாணிக்கம் என்று ஒரு ஃபிட்டர். ஒரு நாள் காலையில் அவசரமாகச் சாவி வாங்கிப்போக வீட்டுக்கு வந்தான். கிணற்றடியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ராட்டினம் தலைக்கு மேல தொங்கிகினு கீது, அம்மா கையால இழுக்கறாங்க?" என்றான். அது மடித் தண்ணீர், உனக்குப் புரியாது என்றேன். அவன் விடவில்லை. "எங்க முதுவுக்கு செயின் பிளாக்கு. அம்மா முதுவுக்கு இன்னா சார்?" என்றான். உன் அம்மாவுக்குக் கேட்டது. அவள் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எனக்கு அவமானமாகிவிட்டது. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாளிலிருந்து ஒரு மாசம் அவனை மண்ணெண்ணெயில் அழுக்குச் சாமான் கழுவப் போட்டேன். பட்டறையிலேயே கெட்டிக்கார ஃபிட்டர் அவன். ஏனென்று அவனுக்குத் தெரியும். ஒரு மாசமும் கழுவினான்.

இனி சொல்லக் கூடாததைச் சொல்கிறேன். நீ கல்லூரி விடுதிக்குப் போன வருஷம், உன் அம்மா ஒரு நாள் என்னிடம், "அடியில என்னமோ இறங்கினாப்ல இருக்கு, நடந்தா தட்டுப்படறது" என்றாள். சொல்வதற்கு அவளுக்கு எத்தனை கூச்சமாக இருந்திருக்கும். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "உஷ்ணம். மோர் குடி" என்றேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு அதே பதினைந்து வாளியை இழுத்தாள். கட்டியிருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருந்தேன். கடைசியில் உட்காரவே முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கர்ப்பப்பை முழுக்க இறங்கிவிட்டது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அந்த லேடி டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "வீட்டுல கனமா ஏதாவது தூக்கறாங்களா?" என்று கேட்டாள். பிரசவத்தில் பலவீனப்பட்டது பாரம் இழுத்து இழுத்து இப்படி ஆகும் என்றாள். நான், "அதெல்லாம் ஒண்ணும் இல்லை டாக்டர், சாதாரண வீட்டு வேலைதான்" என்றேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கட்டிலில் உன் அம்மா படுத்திருந்தாள். உனக்கு, அம்மாவுக்கு வயிற்றில் சின்ன ஆபரேஷன் என்று கார்டு போட்டேன். நீ ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டுப் போனாய்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாசம் ஒரு சொம்புகூடத் தூக்கக் கூடாது என்றார்கள். சமையலுக்கு ஒரு மாமி வந்தாள், தண்ணீர் இழுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். சரி, நான் இழுக்கிறேன் என்று ஈர வேட்டியோடு போனேன். நாலாவது வாளியில் உள்ளங்கை எரிந்தது. எட்டாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்தாவதில் வாளியைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்ப் போர்ஷன்காரர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கையில் கொப்புளம், கயிற்றைத் தொட முடியவில்லை. நேராகக் கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒரு ராட்டினம் வாங்கி வந்தேன். கிரீஸ் வேண்டாம் என்று, சமையலறை அலமாரியிலிருந்து நல்லெண்ணெயை எடுத்து அச்சில் விட்டேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. அரை மணியில் பதினைந்து வாளியும் முடிந்தது. உன் அம்மா படுத்த இடத்திலிருந்து, "என்ன சத்தம்?" என்று கேட்டாள். "தனி ராட்டினம் ஒண்ணு மாட்டிட்டேன். கிரீஸ் இல்லை, நல்லெண்ணெய்தான். தோஷமில்லை" என்றேன், ஏதோ சாதித்துவிட்ட குரலில்.

"நல்லெண்ணெய் நம்மாத்துல எப்பவும் இருந்துதே" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் மாணிக்கத்தைக் கூப்பிட்டுப் பழைய லாரி டியூபிலிருந்து பம்புக்கு ஒரு ரப்பர் வாஷர் வெட்டச் சொன்னேன். "பத்து நிமிச வேல சார் இது" என்றான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் பட்டறையில் கிழிந்த டியூப் மலையாகக் குவிந்திருக்கும். ஏழு வருஷமாக அதைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போனேன். என் கைக்கு வலித்ததும் ஒரே நாளில் வழி தெரிந்துவிட்டது. அவள் கைக்கு வலித்தபோது எனக்கு சாஸ்திரம் மட்டும்தான் தெரிந்தது. ராட்டினம் தெரியாத முட்டாள் இதைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்த அத்தனையையும் அவளுக்கு வேலையைக் கூட்டத்தான் உபயோகித்தேன்.

நீயும் தெரிந்தவன். தரமணியில் இன்ஜினீயர் என்று பெயர். எந்தக் கருவியும் பாரத்தை மாயமாக்குவதில்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாரத்தைக் கயிற்றுக்கும் கட்டைக்கும் தள்ளிவிடுகிறது, மனிதன் தப்பிக்கிறான். நம் வீட்டில் அதைத் தள்ள ஒருத்தி கிடைத்திருந்தாள், அதனால் நமக்குக் கயிறும் கட்டையும் தேவைப்படவில்லை. நமக்கு வேலை சுலபமாகத்தான் இருந்தது. இப்போது நீ இன்னொருத்தியைப் பார்த்துவிட்டாய். முணுமுணுக்காமல் தூக்குவாளா என்று அவள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தாய், அதுவும் உன் அம்மாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு. அன்றைக்கு உன் முகத்தில் என் முகத்தைப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீ பார்த்திருக்கும் வீட்டின் மாடி வராந்தாவில் ஒரு உத்தரம் இருக்கிறது, நான் நேற்று அடையாறு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் இரட்டை ராட்டினம் மாட்டலாம். கயிறு இரண்டு மடங்கு இழுக்க வேண்டும், பாரம் பாதியாகிவிடும். மாட்டிவிட்டு இழுப்பதை அவளிடம் விட்டுவிடாதே, இழுக்கிறவன் நீ. ஆனால் அதை உடனே மாட்டாதே. அந்த வீட்டுச் சாவி உன்னிடம் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளிலிருந்து எட்டு நாள், வேலைக்குப் போவதற்கு முன்னால் அங்கே போ. கீழே பம்பில் அடித்து, பதினைந்து குடம் உன் இடுப்பில் வைத்து இரண்டு மாடி ஏற்றி அண்டாவில் ஊற்று. யாரிடமும் சொல்லாதே. வலித்தால் மோர் குடி.

எட்டு நாளும் தூக்கிய பிறகு, மாம்பலத்தில் சொன்னதை இன்னொரு தடவை சொல்ல உனக்கு வாய் வந்தால் எனக்கு ஒரு கார்டு போடு. மாம்பலத்துக்கு நானே போகிறேன். பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு, என் பிள்ளைக்கு உங்கள் பெண்ணைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஏன் என்று அவர் கேட்பார். உன்னைப் பற்றி எதுவும் பேச மாட்டேன். என்னைப் பற்றி ஆரம்பித்தாலே அவருக்குப் போதும்.

அப்பா